நான் சுட்ட அப்பம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் உடம்புக்குக் குறைவில்லாமல், கோபத்துக்கும் குறைவில்லாமல் இருக்கிறேன். நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாயிருங்கள். உன் மாமாவின் தாடையை உடைத்தது நான்தான். "அது வெறும் அடையாளம்தானம்மா, அதுக்குப் போயி சொந்தத் தம்பிய அடிக்கலாமா" என்று எழுதியிருக்கிறாய். மாதா கோயிலுக்கு நற்கருணை அப்பம் சுடுகிறவள் நான், மாவும் தண்ணீரும் தவிர அதில் ஒன்றுமில்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் பீடத்தில் சாமியார் அந்த வார்த்தைகளைச் சொன்னதும் மாவு போய்விடுகிறது, அதன் நிறமும் ருசியும்தான் மிச்சம், இருப்பது ஆண்டவருடைய உடல். எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை, ஞானோபதேசப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி நானே படித்தேன். அன்று பூசையில் உன் மாமா அதைக் கையில் வாங்கி, வாயில் போடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அக்கா, நீ சுட்ட கடவுளு ஓரமெல்லாம் கருகிட்டாரு" என்று சிரித்துக்கொண்டே இரண்டாக ஒடித்தான். எனக்கு எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. பக்கத்திலிருந்த பித்தளை மெழுகுவர்த்தித் தண்டைப் பிடுங்கி முகத்தில் போட்டேன். பல் தெறித்தது. மறுபடி ஓங்கினேன், நாலு பேர் சேர்ந்துதான் என்னை இழுக்க முடிந்தது. ஒடித்த துண்டுகள் அவன் இரத்தத்திலேயே கிடந்தன.

சாமியார் முழங்காலிட்டுத் துண்டுகளைப் பொறுக்கி வாளித் தண்ணீரில் கரைத்தார், தரையைக் கழுவிய துணியையும் அதிலேயே பிழிந்தார். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது, கால் படாத மண்ணில்தான் ஊற்றவேண்டும். வாளி சிவந்திருந்தது. "இதுல ஆண்டவர் எது, ஒன் தம்பி எதுன்னு பிரிச்சுக் காட்டும்மா" என்றார். இரண்டும் ஒன்றாகுமா என்று அவரோடும் சண்டைக்குப் போனேன். அப்பம் சுடும் இரும்பைப் பறித்துக்கொண்டார், தம்பியிடம் மன்னிப்புக் கேட்கும்வரை எனக்கு நற்கருணை கிடையாதாம். என்னைப் பட்டினி போடுகிறார்கள். கிடக்கிறேன், கேட்கமாட்டேன், நீ சொன்னாலும் கேட்கமாட்டேன். தாடையைக் கம்பியால் கட்டிக் கிடக்கிறவனுக்குத் தினமும் கஞ்சித் தண்ணீர் கொண்டுபோகிறேன், குழாய் வைத்து உறிஞ்சுகிறான், என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஆனால் அன்று அந்த வாளியை மண்ணுக்குச் சுமந்தது நான்தான். எது யாருடையது என்று எனக்கும் தெரியவில்லை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவிடவில்லை.

உங்கள் மூவரையும் ஆண்டவர் காக்கட்டும். பிள்ளையைப் பூசைக்குக் கூட்டிப்போ. வாளி விஷயத்தை மட்டும் மாமாவுக்கு எழுதிவிடாதே.

இப்படிக்கு,
இன்னும் இறங்கி வராத உன் அம்மா