பதினைந்து நாள் பூனை

ஜூன் 9, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. பரணைச் சுத்தம் செய்ய இன்று ஒரு நாள்தான் மிச்சம். ஸ்டூலில் ஏறச் சொன்னதும் கிரீஷுக்குத் தும்மல் வந்துவிட்டது. பதினொன்று வரை எண்ணினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஹாலில் போய் உட்கார்ந்துவிட்டார். பரண் என் தலையில்.

கல்யாணமான பதின்மூன்று வருடமாக இதே கதைதான். சாம்பிராணி போட்டால் அலர்ஜி, ஒட்டடை அடித்தால் அலர்ஜி. என் பெரியப்பா வீட்டுக்குக் கூப்பிட்டால் அங்கே நாய் இருக்கிறதாம், அதுவும் அலர்ஜி. கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும் மூக்குக்கு ஒன்றும் ஆவதில்லை.

இந்த நேரம் பார்த்து சின்மயி வந்து, "பூனை வளர்க்கலாமாம்மா?" என்றாள். ஏழாவது போகப்போகிறாள், இரண்டு வருடமாகக் கேட்கிறாள். "அப்பாவுக்கு ஒத்துக்காதேம்மா" என்று அவளே இழுத்தாள். எனக்கு இருந்த எரிச்சலில், "அப்பாவுக்கு இருக்கிறது அலர்ஜி இல்ல, சோம்பேறித்தனம்" என்றேன்.

அவர் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னேன்.

ஜூன் 12, புதன்

"பூனை வளர்க்கலாம்" என்கிறார். அவராகவே. எதற்கு இவ்வளவு சுலபமாக?

ஜூன் 14, வெள்ளி

பள்ளி முடிந்து சின்மயியோடு கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கடைக்குப் போனேன். பூனை என்று முடிவு செய்யும் முன் நாயையும் பார்த்துவிடலாம் என்று. கடைக்காரர் ஒரு வெள்ளைக் குட்டியைக் கையில் கொடுத்தார். "இது முடி கொட்டாத ஜாதி மேடம். அலர்ஜின்ற பேச்சே கெடையாது. இன்னா, நம்ப மாட்டேன்றீங்களா?"

எப்படி நம்புவது? அவர் கறுப்புச் சட்டை முழுக்க வெள்ளை முடி.

ஜூன் 16, ஞாயிறு

கேளம்பாக்கத்தில் தீபலட்சுமி என்று ஒருவர். தெருவில் கிடக்கும் குட்டிகளை எடுத்து வளர்த்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கிறார். என்னை மிஞ்சிய சந்தேகப் பேர்வழி. வீட்டில் யாருக்காவது அலர்ஜி இருந்தால் அவர் ஒரு மணி நேரம் மூடின அறையில் பூனையோடு உட்கார வேண்டுமாம். அதில் தேறினால் பதினைந்து நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். "முடியலன்னா கொண்டு வந்து விட்டுடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். ரோட்ல மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

கிரீஷ் மடியில் ஒரு மஞ்சள் குட்டி ஏறிப் படுத்தது. ஒரு மணி நேரம். ஒரு தும்மல் இல்லை. கொட்டாவிதான் விட்டுக்கொண்டிருந்தார்.

நான் அப்போதே சொன்னேனா இல்லையா?

ஜூன் 22, சனி

பூனை வந்தாயிற்று. சின்மயி வைத்த பெயர் பூந்தி. சோபாவுக்கு அடியில் இருக்கிறது. அவளும் கூடவே தரையில் படுத்திருக்கிறாள். அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

ஜூன் 25, செவ்வாய்

கிண்டியிலிருந்து எப்போதும் ஏழேகாலுக்கெல்லாம் சேலையூர் வந்துவிடுவார். இன்று எட்டே முக்கால். "மீட்டிங்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஜூன் 27, வியாழன்

இன்றும் மீட்டிங்.

ஜூன் 28, வெள்ளி

துணியை மெஷினில் போடும்போது அவர் சட்டைப் பையில் ஒரு ரயில் டிக்கெட். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தாம்பரத்துக்கு. நேற்றைய தேதி.

கிண்டிக்கும் தாம்பரத்துக்கும் சீசன் டிக்கெட் வைத்திருக்கும் மனிதருக்கு சிங்கப்பெருமாள் கோவிலில் என்ன வேலை? நரசிம்மரைச் சேவிக்கப் போனார் என்றால் பிரசாதம் எங்கே?

கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்.

ஜூலை 1, திங்கள்

இன்னொரு டிக்கெட். அதே ஊர்.

அந்தப் பக்கம் கம்பெனிகள் நிறைய. இங்கே வேலை போய், அங்கே தேடுகிறாரா? இல்லை — எழுதவே கை வரவில்லை. வேறு யாராவதா? வந்ததும் நேரே குளிக்கப் போகிறார். பக்கத்தில் போனால் நகர்ந்துகொள்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறார். என்னன்னு நெனைக்கிறது நான்?

ஜூலை 3, புதன்

சின்மயியைப் பக்கத்து வீட்டு ரமாவிடம் விட்டுவிட்டு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனேன். படிக்கட்டுக்கு நேராக நிற்கும் என்று அவர் கடைசிப் பெட்டியில்தான் வருவார். ஆறே முக்காலுக்கு ஒரு செங்கல்பட்டு வண்டி வந்தது. ஜன்னலோரம் அவர். கம்பியில் தலை சாய்த்து, வாய் திறந்து, தூக்கம்.

ஜன்னலைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. டிக்கெட்கூட எடுக்காமல் ஏறி, பின்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தேன். எங்கே இறங்குகிறார், யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் எனக்கு.

பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி. அவர் அசையவே இல்லை. தலை மட்டும் கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் கம்பெனி ஆட்கள் கூட்டமாக ஏறிய சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டு எழுந்து, இடித்துப் பிடித்து இறங்கினார். பின்னாலேயே நானும் இறங்கினேன்.

அவரைக் கூப்பிட யாரும் வரவில்லை. பிளாட்பாரத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"விஷ்ணு? நீயும் தூங்கிட்டியா?" என்றார்.

அந்த டிக்கெட்டுகளைப் பற்றிக் கேட்டேன். அவர் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அலர்ஜி மாத்திரை. பூனை பார்க்கப் போன அன்று ஆரம்பித்ததாம். இப்போது காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. டாக்டரைக் கேட்காமல், கடையில் தானே கேட்டு வாங்கியது.

"போட்டா தும்மல் நிக்குது. ஆனா தூக்கம் தாங்கல. கண் முழிச்சா இந்த ஊரு."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நம்புவியா?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். பக்கத்தில் நின்றபோது அவர் நெஞ்சுக்குள் சீட்டி அடிக்கிற மாதிரி சத்தம் வந்தது. இந்தத் தூக்கத்தோடு தாம்பரத்திலிருந்து வீட்டுக்கு பைக் வேறு ஓட்டியிருக்கிறார். கடவுளே. நான் பெட்டியில் உட்கார்ந்து யாரைத் தேடினேன்?

ஜூலை 4, வியாழன்

டாக்டரிடம் போனோம். நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "வீசிங் இருக்கே, எத்தனை நாளா?" என்றார். இவர் என்னைப் பார்த்தார். மாத்திரை போட்டிருப்பதால் தோலில் சோதனை செய்ய முடியாதாம், ரத்தம் எடுத்தார்கள். அலர்ஜி முடியால் மட்டும் வருவதில்லையாம். பூனையின் எச்சிலிலும் தோலிலும்தான் விஷயமே இருக்கிறதாம். முடி கொட்டாத ஜாதி என்று எதை வாங்கியிருந்தாலும் ஒத்துக்கொள்ளும் என்று நிச்சயம் கிடையாது. இப்போதைக்கு பூந்தி ரமா வீட்டில்.

ஜூலை 6, சனி

ரிப்போர்ட் வந்தது. பூனை: மிக அதிகம். நாய்: அதிகம். வீட்டுத் தூசி: மிக அதிகம்.

தூசி. மூன்றாவது வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

நானும் சின்மயியும் மட்டும் கேளம்பாக்கம் போய் பூந்தியை விட்டுவிட்டு வந்தோம். தீபலட்சுமி ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. சின்மயி அங்கே அழவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அழுதாள். அவள் தலையைத் தடவி, "அப்பாதான் முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றேன்.

கையைத் தள்ளிவிட்டாள். "அப்பா எப்பவுமே சொல்லிட்டுத்தாம்மா இருந்தாரு" என்றாள்.

வண்டலூர் வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். குழந்தை சரியாகத்தான் சொன்னாள்.

ஜூலை 28, ஞாயிறு

மீன் தொட்டி வைத்தாயிற்று. கப்பி மீன் எட்டு. சின்மயிக்குப் பாதி மனதுதான், இருந்தாலும் எட்டுக்கும் பெயர் வைத்துவிட்டாள்.

கிரீஷ் இப்போது டாக்டர் கொடுத்த ஸ்ப்ரே மட்டும்தான். ஏழேகாலுக்கு வந்துவிடுகிறார். இன்று காலை நான் பீரோ மேலே துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். அந்தச் சத்தத்துக்குள்ளே தும்மல் கேட்டது. ஐந்தோ ஆறோ. வெளியே வந்து, "தண்ணி பிரஷர் சரியில்ல" என்றார்.

சின்மயி மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்பா, இங்கயே தும்முப்பா. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா."

அவர் சிரித்தார். பிறகு, நிஜமா என்று கேட்பதுபோல, என் முகத்தைப் பார்த்தார்.