தோல்முட்டை

ஆகஸ்ட் 4, திங்கள்
விடிஞ்சதிலிருந்து புழுக்கம். வர்ற மாதிரி இருந்த மழையும் வரல.
விடைக்கோழி அஞ்சுக்கும் ஆறாம் மாசம். அதுல மூணு கோழி முதல் முட்டை வைக்க ஆரம்பிச்சு ஒரு வாரம். சின்னச் சின்ன முட்டை, ஒண்ணுல ரத்தக் கீறல். கால்நடை ஆஸ்பத்திரி தெலுங்கு அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "கொத்தகா பெடுதுன்னாயி, அலாகே உண்டுந்தி." புதுசா வைக்குது, அப்படித்தான் இருக்குமாம்.
ஆனா நேத்தும் இன்னிக்கும் முட்டை வைக்கிற கூடை காலி. வைக்கோல் மட்டும் ஈரம்.
கொல்லைக்கு ரெண்டு கதவு. ஒண்ணு எங்க பக்கம். இன்னொண்ணு கொழுந்தன் பொண்டாட்டி மஞ்சுளா பக்கம்.

5, செவ்வாய்
வாங்க: தவிடு, துணி சோப்பு, அவருக்கு இருமல் மருந்து.
பத்து மணிக்குக் கொக்கரிக்கிற சத்தம். ஓடிப் பார்த்தா கூடை காலி. மஞ்சுளா துணி காயப்போட்டுக்கினு நிக்கிறா.
கேட்டுட்டேன். "முட்டை வேணும்னா கேளு மஞ்சு. சொல்லாம எடுக்காத."
அவ புருஷன் வாசப்படியில ஷூ மாட்டிக்கினு இருந்தான். ஷிப்டுக்குக் கிளம்புறான். அவன் காதிலயும் விழுந்தது. அவ பிழியாத புடவையை அப்படியே கொடியில போட்டா.
கேட்டது தப்பா? தப்பில்ல.

6, புதன்
எங்க வீட்டுக்காரர் வேலைக்குத் திருப்பதி பஸ் பிடிக்கக் கிளம்பும்போது கொழுந்தன் வந்தான். "அண்ணா, கொல்லை நடுவுல சுவர் எழுப்பிடலாம். மேஸ்திரியாண்ட சொல்லிட்டேன்." இவர், "உன் இஷ்டம்." என் மூஞ்சியப் பார்க்கல.
கொல்லைக்கு நாலு தடவை போய் வந்தேன். எதுக்குன்னு தெரியல.

7, வியாழன்
மதியம் கறுப்புக் கோழி மூலையில. வால் தொங்கிப் போய், முக்குது. இரை தொடல. ஆம்பளைங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயாச்சு. என்னையும் அறியாம, "மஞ்சு!"
வந்தா. தூக்கி வயித்தைத் தடவிப் பார்த்தா. "முட்டை மாட்டிக்கினு இருக்குது. வெந்நீர் வை. கை பொறுக்கிற சூடு போதும்."
அன்னக்கூடைப் பாத்திரத்துல தண்ணி. கோழியை உட்கார வெச்சு அவ பிடிச்சுக்கினா, நான் பின்பக்கம் எண்ணெய் தடவினேன். அரை மணி நேரம் அப்படியே பிடிச்சுக்கினு இருந்தோம்.
தொடைச்சு வைக்கோல்ல விட்டதும் முட்டை விழுந்தது. ஓடே இல்ல, வெறும் தோல். நாங்க கை நீட்டுறதுக்குள்ள சிவப்புக் கோழிங்க ரெண்டும் ஓடி வந்து கொத்தித் துன்னுடுச்சி. தோலையும் விடல.
"ருசி கண்டுட்டா நல்ல முட்டையும் விடாது. இத்தினி நாளா இதுங்கதான் துன்னுது." சொல்லிட்டுக் கையைக் கழுவிக்கினு போய்ட்டா.
குனிஞ்சு கூடை வைக்கோலைத் தொட்டேன், அதே ஈரம்.

8, வெள்ளி
முட்டை ஓடு கெட்டியாகப் புத்தூர் சந்தையில கிளிஞ்சல் தூள் வாங்கினேன். தவிட்டுல கலந்து வெச்சேன். கூடைக்கு மேல சாக்கு, உள்ள இருட்டா இருந்தா கொத்தாதாம்.
அப்புறம் மஞ்சுளா கதவாண்ட போனேன். "தப்பு என்னுதுதான் மஞ்சு."
அவ அரிசி புடைக்கிறதை நிறுத்தல. "எங்கிட்ட சொல்லி இன்னாக்கா ஆவும்? நீ கேட்டது அவரு எதிர்ல. நீ போன உடனே அரிசி டப்பா வரைக்கும் திறந்து தேடினாரு. நெசமாவே எடுத்தியான்னு எங்கிட்ட கேட்டாரு."
இதை நான் நினைக்கவே இல்ல.

9, சனி
கொழுந்தனுக்கு லீவு. மேஸ்திரி கொல்லையில நூல் பிடிச்சு அளந்துக்கினு இருந்தார். மேஸ்திரி எதிர்லயே கொழுந்தன்கிட்ட சொன்னேன். "தம்பி, மஞ்சு எடுக்கல. கோழிங்களே துன்னுது, கண்ணால பார்த்தேன். நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."
கொழுந்தன் தரையைப் பார்த்தான். "சரி அண்ணி, விடுங்க."
மஞ்சுளா கதவாண்ட வந்து நின்னா. என்னைப் பார்க்கல, அவனைத்தான்.
"அக்கா தப்புன்னு சொல்லிடுச்சி. நீ எப்ப சொல்லப்போற?"
மேஸ்திரி நூலைச் சுருட்ட ஆரம்பிச்சார். நான் உள்ளே வந்துட்டேன்.