வெள்ளிமலை என்று காட்டிய திரை

திங்கள். காலையிலிருந்து தூறல்.
இட ஒதுக்கீடு கேட்டு மறியல். ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். பஸ் இல்லை. ரிஷிவந்தியம் அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள், கள்ளக்குறிச்சியிலேயே மாட்டிக்கொண்டேன். "லீவுக்கு அங்கேதான் இருப்பேன், நேரே வந்துவிடுங்கள்" என்று போன தடவை அவரிடம் சொல்லி அனுப்பினேன். இப்போது அவரும் வெள்ளிமலையிலிருந்து இறங்க முடியாது. கல்யாணமான வருஷமே அவருக்கு மலையில் வாத்தியார் வேலை கொடுத்தவன் நன்றாக இருக்கட்டும்.
வாங்க: சீயக்காய், மண்ணெண்ணெய், டைப் மெஷினுக்கு ரிப்பன்.

செவ்வாய். வெயில்.
டைப் இன்ஸ்டிட்யூட்டில் ஆளே இல்லை. முதலாளி பாய் பெருமையாக வாங்கிய ஒரே கம்ப்யூட்டர் முன்னால் நான். உள்ளே அறை அறையாக டைரக்டரிகள்; எதற்குள் போனாலும் திரையில் C> மட்டும். ஊரே இடம் கேட்டு ரோட்டில் நிற்கிறது, இது எந்த இடத்தில் நிற்கிறதென்று சொல்லவே சொல்லாது. போன வாரம் மாணவி செல்வி தன் டைரக்டரி என்று நினைத்து பாயின் கணக்கை அழித்துவிட்டாள். "எங்க இருக்கேன்னே தெரியல டீச்சர்!" ஒரே அழுகை.
இன்று மேனுவலில் கிடைத்தது. prompt $p$g அடித்தால் C:\PADAM> என்கிறது. உள்ளே போனால் C:\PADAM\SELVI>. நகர நகர இடம் சொல்கிறது! மலையிலிருக்கும் அவருக்கும் இப்படி ஒன்று இருந்தால்.

புதன். மழை.
இடம் காட்டும் $p-க்குப் பதில் எந்த எழுத்தும் போடலாமாம். prompt VELLIMALAI$g. என்டர் தட்டத் தட்ட VELLIMALAI>, VELLIMALAI>. திரை நிறையத் தட்டினேன். வெட்கமாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை.
பாய் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, மெஷினு மலையேறிட்ச்சா?"
வீட்டில் அவர் விட்டுப்போன சட்டையை இன்னும் துவைக்கவில்லை.

வியாழன்.
மலையடிவாரத்து வடக்கனந்தலிலிருந்து செல்வியின் அண்ணன் சைக்கிளில் வந்தார். "வாத்தியாரு நேத்தே மலையிலேர்ந்து நடந்து எறங்கிட்டாரு டீச்சர். எங்க வூட்லதான் டீ குடிச்சாரு. வூட்டுக்காரம்மா ரிஷிவந்தியத்துல இருக்காங்கன்னு குறுக்கால போய்க்கினு இருந்தாரு."
நான் வெள்ளிமலை, வெள்ளிமலை என்று தட்டிய நேரத்தில் அவர் வடக்கனந்தலில். நான் போட்டது வெறும் எழுத்து, நகராது. அவர் மனசிலும் என் பேருக்கு நேரே ரிஷிவந்தியம் என்றே நின்றிருக்கிறது.
செருப்பை மாட்டினேன். பாய் வாசலில் மறித்தார். "அசையாதம்மா. நீ அங்க போனா அவரு இங்க வந்து நிப்பாரு. ஒர்த்தராவது ஒரே எடத்துல இருங்க."

வெள்ளி. மழை விட்டது.
நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். சாப்பிடப் போகவில்லை. தூரத்தில் நடந்து வருகிறவரெல்லாம் அவர் மாதிரியே. கிட்டே வந்தால் இல்லை.
கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, பழைய C>.
prompt KALLAKURICHI$g என்று அடித்தேன். நகராத எழுத்துதான். நானும் நகரப்போவதில்லை.