கண்ணாடித் தூசியும் மூன்று ஓலையும்

தங்கச்சிமடம், 1966

ஏப்ரல் 17, ஞாயிறு

இன்று பூசையில் எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள்; இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும். "சூசை மகன் சவேரியாருக்கும் தொம்மை மகள் லீமாரோசுக்கும்" என்று சாமியார் சொன்னதும் கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

கட்டிக்கொள்ளப் போகிறவர் பேரைச் சொல்லக் கூடாதாம். சொல்லத்தானே கூடாது? சவேரியார். சவேரியார். எழுதியாயிற்று.

ஒரே ஒரு குறை. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, பிரசங்கம் முடியும்வரை கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

ஏப்ரல் 18, திங்கள்

யாகப்பம்மாள் அத்தை அய்யாவுக்கு அக்கா. எங்களோடுதான் இருக்கிறாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்: "ஏலே தொம்மை, மாப்பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் செவந்து கெடக்கு. மேல் வியாதியா என்னன்னு விசாரி."

அய்யா கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

வியாதியும் இல்லை, ஒன்றும் இல்லை. இவர் தச்சு வேலை பார்க்கிற பாம்பன் ஹாஜா முகைதீன் படகுப் பட்டறைக்கு மெட்ராசிலிருந்து ஒரு படகு வந்திருக்கிறது. அதில் மரமே கிடையாது. கண்ணாடியை நாராக்கிப் பசை போட்டு ஒட்டிச் செய்ததாம். பாறையில் மோதி விலா உடைந்துவிட்டது. அதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒட்டுப் போடுவது இவர்தான். அந்தத் தூசி கடிக்கிறது. அவ்வளவுதான்!

அய்யாவிடம் சொன்னேன். "பொறந்ததுலேர்ந்து மரத்தூசில கெடக்குறவனுக்குத் தூசி கடிக்குதாக்கும்?" என்றார்.

ஏப்ரல் 19, செவ்வாய்

அய்யா தீர்ப்புச் சொல்லிவிட்டார். மூன்றாம் ஓலைக்குள் மாப்பிள்ளை உடம்பு சரியாகவில்லை என்றால், சாமியாரிடம் போய் விக்கினம் சொல்லிவிடுவாராம். அதோடு கல்யாணம் நின்றது.

எனக்கு இவர்தான் வேண்டும். நிச்சயத்தன்று எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேச, இவர் மட்டும் என் தையல் மிஷின் ஆடுவதைப் பார்த்து, ஒரு மரத்துண்டைச் சீவி அதன் காலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஏப்ரல் 21, வியாழன்

நூல் வாங்க என்று அத்தையைக் கிளப்பிக்கொண்டு பாம்பன் போனேன். நூல் கடைக்குப் பட்டறை வழியாகப் போக வேண்டியதில்லைதான். போனோம்.

பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். கோவணம் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் மினுமினுக்க, படகைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். எண்ணெய் தடவிய தட்டில் மாவு கொட்டின மாதிரி மேலெல்லாம் வெள்ளை. எங்களைக் கண்டதும் ஓடிப்போய்க் கைலி கட்டி வந்தார்.

ஓலை வாசித்த பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் நேரில் பேசக் கூடாது. அதனால் நடுவில் அத்தையை நிறுத்திப் பேசினோம்.

"அத்தை, எண்ணெய் எதுக்காம்?"

"தார் வேலைக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டுத்தான் எறங்குவோம். தார் ஒட்டாதுல்ல" என்றார், அத்தையைப் பார்த்து.

"தார் ஒட்டாது. தூசி ஒட்டுமே, அத்தை! குளிக்கிறது எப்படியாம்?"

"சுடுதண்ணில, தேங்கா நார் போட்டு நல்லாத் தேய்க்கிறேன். அப்பவும் போகல."

சேசுவே! ஊசி முனை ஒடிந்து விரலில் குத்தினால் யாராவது அதைத் தேய்ப்பார்களா? தேய்த்தால் உள்ளேதான் போகும். எண்ணெய் கூடாது, பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றித் தூசியை ஓடவிட வேண்டும், பிறகுதான் சோப்பு, காற்று முதுகுப் பக்கம் வருகிறபடி நின்று வேலை செய்ய வேண்டும், தேய்க்கிற இடத்தை நனைத்துக்கொள்ள வேண்டும் - எல்லாம் அத்தையிடமே சொன்னேன். இடையில் இவர் இரண்டு முறை இருமினார். மூக்கை மூடிக்கொள்ளச் சொன்னதற்குத்தான் ஹாஜா முகைதீன் விழுந்து விழுந்து சிரித்தார்: "கல்யாணத்துல முக்காடு பொண்ணுக்கா, மாப்பிள்ளைக்கா?" இவர் முகம் சுண்டிவிட்டது. மூட மாட்டேன் என்றுவிட்டார்.

எண்ணெயை மட்டும் விடுகிறாராம். அதுவாவது ஆச்சே.

ஏப்ரல் 22, வெள்ளி

புயல் நிவாரணத்துக்கு வந்த மாவுப் பைகள் அத்தையின் பெட்டியில் இருக்கின்றன. நெருக்கமான துணி. கேட்காமலே எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 24, ஞாயிறு

இரண்டாம் ஓலை. அவர் வரவில்லை.

ஏன் வரல? கழுத்துச் சிவப்பு இன்னும் ஆறலன்னு வெக்கமா? வராமப் போனா ஊரு என்ன சொல்லும்னு தெரியாதா? வாசல்லயே ரெண்டு பேரு அத்தையப் புடிச்சுக்கிட்டாக. அய்யா எங்களுக்கு முன்னால விடுவிடுன்னு வீட்டுக்கு நடந்துட்டாரு. இன்னைக்கு மிஷினத் தொடல.

ஏப்ரல் 25, திங்கள்

தொட்டேன். மாவுப் பைகளை வெட்டி அவருக்கு வேலை உடுப்பு: கணுக்கையிலும் கணுக்காலிலும் நாடா, கழுத்துவரை மூடல், மூக்குக்கு நாலு மடிப்புத் துணி. முதுகில் அமெரிக்காக்காரன் அச்சடித்த இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கின்றன. அதை மறைக்க முடியவில்லை.

ஏப்ரல் 27, புதன்

அய்யா பட்டறைக்கே போய் மாப்பிள்ளையைக் கண்டித்துவிட்டு வந்தார். மாப்பிள்ளை வரும்வரை அய்யா அந்தக் கண்ணாடிப் படகின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். சனிக்கிழமை சாமியாரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

நான் அய்யாவின் துண்டையும் சட்டையையும் வீட்டுத் துணிகளோடு ஊறவைத்தேன். அழுகையில் வேறெதுவும் தோன்றவில்லை.

ஏப்ரல் 28, வியாழன்

வீடே சொறிகிறது! அய்யா துணியில் வந்த படகுத் தூசி எல்லாத் துணியிலும் ஏறிவிட்டது. அய்யா முதுகைத் தூணில் தேய்க்கிறார். நேற்று துவைத்த சேலையைக் கட்டிய அத்தை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அந்தோணியாரே" என்கிறாள். எனக்கும் கையெல்லாம் ஊசி குத்துகிறது. இவ்வளவு சந்தோஷமாக நான் சொறிந்ததே இல்லை.

"நாளன்னிக்குச் சாமியார்ட்ட போகணும்ல, அய்யா?"

"இப்படிச் சொறிஞ்சுக்கிட்டா? தொம்மை வீட்டுலதான் வியாதின்னு ஓலைல வாசிச்சிருவாரு" என்றார். மறுபடி தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "அந்தப் பய இதையா தெனமும் தாங்குறான்?" என்றார்.

கிணற்றடியில் உட்காரவைத்துப் பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். தேய்க்க விடவில்லை.

ஏப்ரல் 29, வெள்ளி

நான் தைத்ததை அய்யாவே கொண்டுபோனார். வந்து சொன்னது: "போட்டுட்டான். ஹாஜா முகைதீன் சிரிச்சாரு. இதப் போடாம வேல பாத்தா எம்மகளத் தர மாட்டேன்னேன். சிரிப்பு நின்னுபோச்சு."

மே 1, ஞாயிறு

மூன்றாம் ஓலை. கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாமல், வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கை இரண்டும் மடியில். "விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் சொல்லக் கடவார்கள்" என்றார் சாமியார்.

அய்யா தொண்டையைச் செருமினார்.

என் உயிரே போய்விட்டது. ஒன்றுமில்லை, வெற்றிலைத் தொண்டையாம். வீட்டுக்கு வந்து அவரோடு சண்டை பிடித்தேன்.

மே 11, புதன்

கல்யாணம் முடிந்து இவர் வீட்டுக்கு வந்தாயிற்று. மிஷினை இங்கே ஜன்னலோரம் போட்டிருக்கிறார். வெளிச்சம் நன்றாக வருகிறது. ஹாஜா முகைதீனுக்கும் அதே மாதிரி உடுப்பு ஒன்று தைக்க வேண்டும், அளவு பெரிது.

இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் சாயங்காலமாகிவிட்டது. வேலை முடிந்து வந்து கொல்லைப் பக்கம் நின்றுகொண்டு, உள்ளே வர மாட்டேன் என்கிறார், நான் போய்த் தண்ணீர் ஊற்றினால்தானாம்.