பாலைமரம் காயும்வரை

பேசாலை
ஐப்பசி, சனிக்கிழமை

அன்புள்ள மகன் றொட்னிக்கு,

மாதாவின் காவலில் நீ சுகமாய் இருக்க வேண்டும் என்று மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே எங்களுக்கு உடம்பில் பெரிய குறை ஒன்றும் இல்லை, அதற்கு மேல் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. எனக்குக் கண் பார்வை மங்கிவிட்டதால் நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி நிறஞ்சலாதான் எழுதுகிறாள். போனில் சொல்லலாம்தானே என்று கேட்பாய், ஆனால் தம்பியின் பெயரை எடுத்தவுடனே லைன் சரியில்லை என்று நீ வைத்துவிடுகிறாய், கடிதம் என்றால் கடைசிவரை வாசிப்பாய் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு ஜெயனி லீவு முடிந்து திங்கட்கிழமை பிரான்சுக்குத் திரும்புகிறாள், அவளிடம் இதையும் கொஞ்சம் பாரைக் கருவாடும் கொடுத்து விடுகிறேன். கருவாட்டை வெயில் காட்டி வை.

இங்கே மழை தொடங்கப் போகிறது, கடல் கலங்கலாய் இருக்கிறது, அப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை, கரையில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்திக் கொடுக்கிறார். நிறஞ்சலாவைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. தம்பி காணாமல் போன நாளிலிருந்து பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நின்றவள் நின்றவள்தான், சோதனையும் எழுதவில்லை, கோயிலிலும் கடைசி வரிசை வாங்கில் போய் இருந்துவிட்டு ஒருவருடனும் கதைக்காமல் வந்துவிடுவாள். இதை எழுத வேண்டாம் என்று இப்போது என் கையைப் பிடிக்கிறாள், நான் எழுது என்கிறேன்.

நான் சொல்ல வந்தது அந்தப் பாலை மரத்தைப் பற்றி. கொண்டச்சியில் மாமாவின் காணியில் நின்ற பாலையை நீ மறந்திருக்கமாட்டாய், பழம் தின்றுவிட்டு உதட்டில் பால் ஒட்டி வாய் திறக்க முடியாமல் நீங்கள் இருவரும் வந்து நிற்பீர்கள். அது காற்றில் சாய்ந்தபோது தான் கட்டப்போகும் வீட்டுக்கு வாசல் நிலை செய்யவென்று தம்பிதான் பெர்மிட் எடுத்து லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்தான். மில்லில் அரியும்போது வாள் மழுங்கி, மில்காரன் இது மரமோ கல்லோ என்று ஏசினானாம், தம்பி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மரவேலை செய்யும் ஓடாவி அந்தோனிமுத்துச் சித்தப்பாதான் அரிந்த மரங்களின் வெட்டு முகங்களில் தார் பூசி, இடையிடையே சட்டம் வைத்து, வெயில் படாமல் கொட்டிலுக்குள் அடுக்கிவிட்டார். பாலையை அவசரப்பட்டுக் காயவைத்தால் வெடித்துப் பிளக்கும், நிழலில் தன்பாட்டில் காய வேண்டும் என்றார். அது காயும் முன்னரே போன வருடம் சோழகக் காற்று எழும்பிய நேரம் தம்பியின் படகு கவிழ்ந்தபடி தலைமன்னார் மணல்திட்டில் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா, அந்த மரத்தில் அவனுக்கு ஒரு குருசு செய்து சேமக்காலையில் மற்றக் கல்லறைகளுக்கு நடுவில் நட வேண்டும் என்று சொன்னார். உடம்பு இல்லாவிட்டாலும் போய் நின்று ஒரு மெழுகுதிரி கொளுத்த எங்களுக்கு ஒரு இடம் வேண்டும் என்றார். மரம் பச்சை, இப்போது வெட்டினால் வெடிக்கும், காயட்டும் என்று நான் சொன்னேன். அது சரி என்று சித்தப்பாவும் சொன்னார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும் இருந்தேன். கொட்டிலுக்குள் போய் ஒரு மரத்தின் நுனியைத் தூக்கிப் பார்ப்பேன், பாரம் குறையவில்லை, இன்னும் காயவில்லை என்று வந்து சொல்வேன். ஒரு நாள் சித்தப்பா ஒரு காய்ந்த துண்டை எடுத்து வாளித் தண்ணீருக்குள் போட்டார், அது நேரே அடிக்குப் போனது. பாருங்கோ மச்சாள், இது காய்ஞ்ச துண்டுதான், பாலை எந்தக் காலத்திலயும் மிதக்காது, பாரம் குறையுமெண்டு நீங்கள் பாத்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் சேத்து நான்தான் குருசு செய்யோணும் என்று பகிடியாகச் சொன்னார். துண்டு வாளியின் அடியில் கிடந்ததைப் பார்த்த அப்பா எழும்பிப் போய்விட்டார். சித்தப்பாவுக்கு அப்போதுதான் தான் என்ன காட்டினார் என்று விளங்கியது. வாளியை அவரே எடுத்துக்கொண்டு போய் வெளியே ஊற்றினார்.

தம்பி எல்லை தாண்டிப் பிடிபட்டு இந்தியாவில் சிறையில் இருக்கிறான் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய், நானும் அதைத்தான் நம்பினேன். போன மாதம் தோட்டவெளியில் றொசாந்தன் என்ற பொடியன் அங்கேயிருந்து விடுதலையாகி வந்தான் என்று கேள்விப்பட்டு நானும் நிறஞ்சலாவும் போனோம். தம்பியின் படத்தை அவன் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தான். அம்மா, எங்கட கரை ஆக்கள் எல்லாரையும் ஒரே இடத்திலதான் வச்சிருந்தவங்கள், இவர் அங்க இல்லை, எனக்கு முதல் வந்தவங்களும் இப்பிடி ஒராளைக் கண்டதாச் சொல்லேல்ல என்றான். அவனுடைய தாய் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தா. அவவின் மகன் கதிரையில் இருந்தான். என்னால் அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை மகன், தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவைக் கூப்பிட்டு, மரம் காய்ந்துவிட்டது, கொண்டு போங்கோ என்றேன். எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிற மனுசன், அன்றைக்கு நேரே கொட்டிலுக்குள் போய் மரத்தை இறக்கத் தொடங்கினார்.

இப்போது குருசு முடிகிற நிலையில் இருக்கிறது. பாலையில் ஆணி இறங்காது, அடித்தால் ஆணிதான் வளையும். துளை போட்டு, அந்த மரத்திலேயே முளை சீவி இறுக்க வேண்டும், அதற்குள் துளைக்கிற அலகு ஒன்று முறிந்துவிட்டது. இந்த மரத்தில வேலை செய்யிறதும் உங்களோட கதைக்கிறதும் ஒண்டுதான் மச்சாள், முதல் துளை போட்டுத்தான் உள்ளுக்குப் போகோணும் என்று நேற்றுச் சித்தப்பா சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அழுதேன். சீவி எண்ணெய் பூசியிருக்கிறது, கடும் சிவப்பாய், தொட்டால் கல்லைப் போலக் குளிர்கிறது. கார்த்திகை இரண்டாம் திகதி மரித்தவர்களின் திருநாளில் பங்குச் சுவாமி வந்து சேமக்காலையை ஆசீர்வதிப்பார், அன்றைக்கு நட வேண்டும் என்று அப்பா நினைக்கிறார்.

குருசு நட்டால் இனி அந்த வீட்டு வாசலுக்கு வரமாட்டேன் என்று நீ நிறஞ்சலாவின் போனுக்குப் பேசி அனுப்பியதை நானும் கேட்டேன். கோபத்தில் சொல்கிறான் என்று அப்பா சொல்கிறார். நான் உன்னைப் பெற்றவள், நீ சொன்னால் செய்வாய் என்று எனக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்குக் குருசு நட்டு மற்றப் பிள்ளையையும் இழக்க எனக்குப் பலம் இல்லை, நடாமல் இப்படியே இருக்க அப்பாவுக்குப் பலம் இல்லை. அவர் இப்போது பின்னேரங்களில் மணலில் போய் இருந்து கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார், யாராவது போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். நீ தம்பியைத் தேடியதை நாங்கள் குறை சொல்லவில்லை. இனித் தேடாதே என்றும் நான் சொல்லமாட்டேன். ஓம் என்று ஒரு சொல் சொல்லு, அல்லது வந்து அப்பாவோடு சேர்ந்து ஒரு பக்கம் தூக்கு. அதை அவரால் தனியே தூக்க முடியாது.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவரும் மாதாவும் உன் தலையில் கை வைத்து உன்னைக் காக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா மதலேனா
அப்பா சிங்கராசா

அண்ணா, இது நான் நிறஞ்சலா. அம்மா படுக்கப் போய்விட்டா. குருசில் சின்ன அண்ணாவின் பெயரைப் பென்சிலால் எழுதியது நான்தான். பாலையில் உளி போட்டால் பிறகு அழிக்க முடியாது என்று சித்தப்பா சொன்னார். நீங்கள் போன் எடுக்கும்வரை வெட்ட வேண்டாம் என்று நான் தனியே போய் அவரிடம் கேட்டேன், ஓம் பிள்ளை என்றார். எடுங்கோ அண்ணா. லைனை நான் வெட்டமாட்டேன்.