வண்டி நிறுத்தும் இடத்தில் என் அறை

சிதம்பரம்,
புதன்கிழமை மாலை.

அன்புள்ள மச்சானுக்கு ஃபர்ஹீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று கடலூரில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். நம் மண்டிக் கட்டடத்தைப் பற்றி விசாரணை நடத்திய அதிகாரியம்மா என் முகத்தைப் பார்த்து, கீழ் ரூமில் யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்டார். நான்தான் குடியிருக்கிறேன் என்று சொல்லவில்லை. நிக்காஹ் ஆன நாளிலிருந்து அதுதான் என் வீடு என்றும், நீங்கள் லீவில் வந்தால் வந்து இறங்குவது அங்கேதான் என்றும் சொல்லவில்லை. வாப்பா பக்கத்தில் நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இதைப் போனில் பேச இங்கே இடம் இல்லை. நான் இப்போது மாடியில் சாய்ரா அக்காவின் ஹாலில் இருக்கிறேன். நான் வாயைத் திறந்தால் உம்மா, அக்கா, பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கும். அங்கே நீங்கள் பேசினால் உங்கள் ரூமில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். உங்களோடு வேலை பார்க்கும் ஸ்ரீமுஷ்ணம் சேரன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜா கிளம்புகிறாராம். சனிக்கிழமை வந்து உம்மா தரும் இறால் ஊறுகாயை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கூடவே இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

அந்த அறை எப்படி வந்தது என்பதை உங்களுக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டதே பொண்ணுக்கு வூடு இருக்கா என்றுதான். நம் ஆட்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து தங்குவதுதானே வழக்கம், கேட்டதில் தப்பு இல்லை. வாப்பாவிடம் இருந்தது வெங்காய மண்டியும் அதன் மேல் மாடியும். மாடியை அக்கா கல்யாணத்தில் அவளுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மண்டிக்குப் பக்கத்தில், கட்டட வரைபடத்தில் வண்டி நிறுத்தவும் சரக்கு ஏற்றி இறக்கவும் என்று காட்டிய இடம் தூண்களோடு சும்மா கிடந்தது. வண்டி நிக்கிற எடந்தானே, நம்மகிட்ட வண்டி ஏது என்று சொல்லி வாப்பா சுவர் எழுப்பி, டைல்ஸ் ஒட்டி, பாத்ரூம் வைத்து, கதவு போட்டார். நீங்கள்கூட முதல் நாள் அந்த டைல்ஸைப் பார்த்துவிட்டு, லாட்ஜ் ரூம் மாதிரி இருக்கு, யாராவது வந்து பில்லு நீட்டப்போறாங்க என்று சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு லாரி உள்ளே வர இடமில்லாமல் வெங்காயம் தெருவில்தான் இறங்கியது. இந்தத் தெருவில் எல்லாக் கடைக்கும் அப்படித்தான். போன மாசம் ஒருநாள் நம் மண்டிக்கு வந்த லாரி தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் ஓர் ஆட்டோ வந்து மாட்டிக்கொண்டது. உள்ளே வெண்மதி என்ற பெண், பிரசவ வலியில். அக்கா வீட்டுக்காரர் தமீம் மச்சான், அஞ்சு நிமிஷம் பொறுங்க, பாதி மூட்டை எறங்கிடுச்சு என்று சொல்லியிருக்கிறார். ஆட்டோவிலேயே குழந்தை பிறந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், இருவரும் நன்றாக இருக்கிறார்கள். அவள் போட்ட சத்தம் எனக்கு அறைக்குள் கேட்டது. லாரி நிற்க வேண்டிய இடத்தில் நான் கட்டிலில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன்.

அவள் கணவர் திருநாவுக்கரசு மனுக் கொடுத்தார். வண்டி நிறுத்த விட்ட இடம் எங்கே என்று கேட்டுத் தெரு முழுக்க நோட்டீஸ் வந்தது. தமீம் மச்சான் அவரைத் திட்டாத நாள் இல்லை. எனக்குத் திருநாவுக்கரசு மேல் கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருந்தால் இந்த நாட்கள் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கட்டட விதிகளைப் போனில் இறக்கி உட்கார்ந்து படித்தேன். கடை இவ்வளவு பெரிதென்றால் இத்தனை வண்டி நிற்க இடம் விட வேண்டும், லாரி உள்ளே வந்து சரக்கை இறக்கிவிட்டுத் தெருவை மறிக்காமல் போக வேண்டும், அந்த இடத்தை வேறு எதற்கும் மாற்றக் கூடாது. படித்த வரைக்கும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. வாப்பா மண்டியிலிருந்து ஏறி வரும்போதெல்லாம், எதாவது வழி போட்டிருக்கா பாரும்மா என்று கேட்பார். பாக்குறேன் வாப்பா என்பேன். இரண்டு முறை படித்து முடித்த பிறகும் பாக்குறேன் என்றேன்.

வழி சொன்னது பிளான் போட்டுத் தரும் இளவரசுதான். வண்டி நிறுத்தும் இடத்தில் குடும்பம் இருப்பது தெரிந்தால் பெரிய தப்பு, சரக்கு இருந்தால் ஏற்றி இறக்கும் இடம்தான் என்று சாதித்துவிடலாம் என்றார். அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதற்கு முந்தைய நாள் கட்டிலைக் கழற்றி மாடிக்கு ஏற்றினார்கள். என் புத்தகங்கள் அட்டைப்பெட்டியில் போயின. நம் பீரோ மாடிப்படி திருப்பத்தில் ஏறவில்லை, அதன் மேல் தார்ப்பாயைப் போர்த்திச் சுற்றிலும் வெங்காய மூட்டையை அடுக்கினார்கள். ஃபர்ஹீனுக்கு இப்பதான் சீரு எறங்குது என்று தமீம் மச்சான் சொல்ல, மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். உம்மா அவரை ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பீரோவுக்குள் இருந்த நிக்காஹ் சேலையில்கூட இப்போது வெங்காய வாசனைதான்.

இன்று விசாரணைக்கு வாப்பா, இளவரசு, நான் மூவரும் போனோம். போனைப் பார்த்து விதி சொல்ல ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனார்கள். பஸ் சிப்காட் கெமிக்கல் ஆலைகளைத் தாண்டும்போது நாற்றத்துக்காக எல்லோரும் வழக்கம்போல ஜன்னலை இழுத்து மூடினார்கள். வாப்பா மட்டும் மூட மறந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரியம்மா கடுமையாகப் பேசவில்லை. ஏத்தி எறக்குற எடம்னா லாரி எப்படிங்க உள்ள போவும், மூணு பக்கம் செவுரு, ஒரு பக்கம் சின்னக் கதவு என்று கேட்டார். ஆளுங்க கையால தூக்கிட்டுப் போயிடுவாங்க மேடம் என்றார் இளவரசு. அதிகாரியம்மா ஆய்வில் எடுத்த போட்டோவைத் திருப்பிக் காட்டினார். மூட்டைகளுக்கு மேலே ஜன்னலில் நீலத் திரை தொங்குகிறது. அதை யாரும் கழற்றவில்லை. வெங்காயத்துக்கு ஸ்கிரீன் போட்டு நான் பாத்ததில்லங்க என்றார். பிறகு வாப்பாவிடம், யாராவது இருக்காங்களா, தயங்காம சொல்லுங்க என்றார். வாப்பா, இல்லம்மா, யாரும் இல்ல, சரக்குதான் என்றார். அப்புறம்தான் அதிகாரியம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். அதை மேலே எழுதிவிட்டேன்.

அவர் பேனாவை எடுத்தார். பிறகு, குடும்பம் இருந்துச்சுன்னா வேற எடம் பாக்குற வரைக்கும், ஒரு ஆறு மாசமாவது டைம் குடுக்கலாம்னு நெனச்சேன், வெங்காயத்துக்கு எதுக்குங்க டைம், வெள்ளிக்கெழமைக்குள்ள செவுர எடுத்துருங்க, இல்லன்னா மண்டிக்கு சீல் வெச்சிருவோம் என்று எழுதி முடித்தார்.

ஆறு மாசம் என்றால் நீங்கள் லீவில் வந்து திரும்பும் வரைக்கும் அந்த அறை இருந்திருக்கும். அப்போதும் நான் சொல்லியிருக்கலாம். வாப்பாவின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. நான் சொன்னால் அத்தனை பேர் முன்னால் அவர் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். வாப்பாவும் மாற்றிச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் இளவரசு ஒரு வேலை இருக்கிறது என்று முதுநகர் பக்கம் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டில் வாப்பா, டீ குடிக்கிறியாம்மா என்று கேட்டார். குடித்தோம்.

நாங்கள் வருவதற்குள் உங்கள் உம்மா ஜொஹரா மாமியும் உங்கள் அக்காவும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். யார் சொன்னார்களோ, எல்லாம் தெரிந்திருந்தது. லீவுல வர்றவன் லாரி நிக்கிற எடத்துலயா படுப்பான் என்று உங்கள் அக்கா கேட்டார். மாமி அவரை அடக்கிவிட்டு, வூடு இருக்குன்னு சொன்னாங்க, அதான் வந்தோம் என்று மட்டும் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. வாப்பா தொழப் போவதாக எழுந்து போனார். தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது.

சாய்ரா அக்கா தன் பெட்ரூமை நமக்கு விடுவதாகச் சொல்கிறாள். தமீம் மச்சானும், அவர் வரட்டும், நாங்க ஹால்ல படுத்துக்குறோம் என்கிறார். அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நீங்கள் எப்படிக் கூசிக்கொண்டு உட்காருவீர்கள் என்று எனக்குத் தெரியும். வாடகைக்கு ஒரு போர்ஷன் பார்க்கலாமா என்று வாப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. மகளை வாடகை வீட்டில் வைத்தவர் என்று பேர் வாங்க அவரால் முடியாது.

சம்பளம், லீவு, டிக்கெட் எல்லாம் உங்கள் கையில் மட்டும் இல்லை என்று தெரியும். உங்கள் அக்கா போன் செய்திருப்பார், மாமியும் பேசியிருப்பார். எதையும் தீர்மானிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கே தங்குவது என்பதை வந்த பிறகு பார்த்துக்கொள்வோம். ஒரு வாரமானாலும் வந்துவிட்டுப் போங்கள். அல்லாஹ் உங்கள் உடம்புக்கு சுகத்தையும் மனசுக்கு இளக்கத்தையும் தரட்டும்.

உங்களுக்காக துஆ கேட்கும்
ஃபர்ஹீன்

சனிக்கிழமை காலை.

சேரன் கீழே நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன். நேற்று ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு மண்டி ஆட்களே சுவரை இடித்தார்கள். இன்று விடியற்காலை லாரி உள்ளே வந்து நின்று வெங்காயம் இறங்கியது. தெருவில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நீங்கள் லீவை அடுத்த வருஷத்துக்கு மாற்றிக்கொண்டதாக நேற்று வாப்பாவுக்குப் போன் செய்து சொன்னீர்களாம். வாப்பா என்னிடம் சொன்னார்.