நூறு வயதுத் திமிங்கலப் பல்

சாகியூசா,

சேப்பங்கிழங்கு சட்டியில் இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டில்.

என்னைப் பெண் கேட்டு வந்தபோது நம் ஊர் வழக்கப்படி அப்பாவிடம் நீங்கள் கொடுத்த திமிங்கலப் பல்லை, பிரிஸ்பேனில் இருக்கும் மகளுக்கு அனுப்பப் போனேன். நூறு வயது தாண்டினால்தான் பழம்பொருள் என்று இன்சூரன்ஸ் போடுவார்களாம். "எங்க வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தா காலத்துது" என்று பெருமையாகச் சொன்னேன். பார்சல் ஆபீஸ் பெண் சுரண்டிப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, இது பிளாஸ்டிக். பொம்மைன்னு எழுதிக்கவா?"

அப்பா சாகும்வரை அதைத் தலைமாட்டில் வைத்திருந்தார்.

லெவுக்காவில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன்.

லைசானி

நாய்க்குச் சோறு வையுங்கள்.

கோபித்துப் போன மனைவியைக் கூப்பிட வருகிறவர் திமிங்கலப் பல்லோடுதான் வரவேண்டும், தெரியுமல்லவா? இந்தமுறை அண்ணன் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்குவார்.